கூறியது யார், ஊசியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை எட்டாம் பக்கத்தில், குப்பை பிரிக்கும்போது தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவரின் கையில் ஊசி குத்திய செய்தியைப் போட்டிருந்தீர்கள். நாலு வரியாவது போட்டீர்களே, நன்றி. ஆனால் கடைசி வரி: 'அவர் கையுறை அணியாததே காரணம் எனக் கூறப்படுகிறது.'

கூறியது யார்? ஊசியா?

நான் 31 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ரப்பர் கையுறை கையில் ரத்தம் படாமல் காக்கும். ஊசியை அது தடுக்காது. என் ஆட்காட்டி விரலில் குத்தியபோது நான் கையுறை போட்டுத்தான் இருந்தேன். யாரோ சிரிஞ்சைப் பஞ்சோடு சுருட்டி டிரேயில் விட்டுப் போயிருந்தார்கள். யாருக்குப் போட்ட ஊசி என்று கடைசிவரை தெரியவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன், நோய் தொற்றியதா என்று பார்க்க ரத்தம் கொடுத்தேன், மறுபடி சோதிக்க மூன்று மாதம் காத்திருந்தேன். அந்த மூன்று மாதமும் என் பிள்ளைக்கு நகம் வெட்டிவிடக்கூட எனக்குப் பயம். பயப்பட ஒன்றுமில்லை என்று படித்தவள்தான், இருந்தும் பயம். அந்த அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கும் என்று உங்கள் நிருபர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஊசியைக் குத்து தாங்கும் வெள்ளை டப்பாவிலும், டிரிப் டியூபைச் சிவப்புப் பையிலும், ரத்தம் தோய்ந்த பஞ்சை மஞ்சள் பையிலும் போட வேண்டும் என்பது 2016 மருத்துவக் கழிவு விதி. படுக்கையே இல்லாத சின்ன கிளினிக்கும் இதில் அடக்கம். உங்களுக்குத் தெரியாததா? ஆஸ்பத்திரிக் குப்பையில் நூற்றுக்கு 85 பங்கு வெறும் காகிதமும் சாப்பாடும்தான். மிச்சம், ஆபத்தான 15 பங்கை அதோடு கலந்தவர் யாரோ, அவரைப் பற்றித்தான் அந்தக் கடைசி வரி இருந்திருக்க வேண்டும்.

2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவைத் திருநெல்வேலி நடுக்கல்லூர் பக்கம் கொட்டியபோது முதல் பக்கத்தில் கொதித்தீர்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளத்தாரே லாரியில் திருப்பி அள்ளிக்கொண்டு போனார்கள். சந்தோஷம். நம் கழிவை நம் தெருவில் நாமே கொட்டினால் மட்டும் எட்டாம் பக்கம்!

போன மாதம் விடியற்காலையில் இங்கே கோத்தகிரிப் பக்கம் எங்கள் தெருமுனைத் தொட்டியைக் கரடி கவிழ்த்திருந்தது. அதற்கு வேண்டியது மிச்சச் சோறும் பழத்தோலும்தான். மற்றதையெல்லாம் தேயிலைச் செடி ஓரம்வரை இழுத்துப் போட்டிருந்தது. நடுவில் ஒரு டிரிப் செட், உள்ளே ரத்தம் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. பால் வாங்கப் பிள்ளைகள் வரும் வழி அது. விறகுக் குச்சியால் எடுத்து நான்தான் ஓரமாக வைத்தேன். கீழே குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் டூரிஸ்ட் காரில் இருந்து தடை செய்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தால் படத்தோடு போடுகிறீர்கள். கரடிக்கு நிருபர் இல்லை போலும்.

இங்கே ஒரு கிளினிக்கின் பின்பக்கம் சாயங்காலமானால் தகர டிரம்மில் எதையோ எரிக்கிறார்கள். போய்க் கேட்டேன். "இலைச் சருகும்மா" என்றார்கள். டிரிப் டியூப் எரிகிற நாற்றம் எனக்குத் தெரியாதா? அதை எரிக்கவே கூடாது. சூட்டில் கிருமி நீக்கித் துண்டாக்க வேண்டும். எரிக்க வேண்டிய மஞ்சள் பைக்கே 1,000 டிகிரிக்கு மேல் சூடு ஏறும் உலை வேண்டும், தகர டிரம் போதாது. இதைப் பற்றி உங்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றைப் போட்டீர்கள், பாதியாக வெட்டி. அதிலும் என்னை 'ஓய்வு பெற்ற ஆசிரியை' ஆக்கிவிட்டீர்கள். மலர்க் கண்காட்சிக்கு மட்டும் வருடா வருடம் சிறப்பிதழ், வழவழப்பான தாளில்.

சரி, நானும் குற்றவாளிதான். என் கணவருக்குத் தினமும் இரண்டு வேளை இன்சுலின். அந்த ஊசிகளைப் பினாயில் கேனில் போட்டு இறுக மூடி வைத்திருக்கிறேன்; மூன்று கேன் நிரம்பிவிட்டது. மருந்துக்கடையில் கொடுத்தால் "விற்கத்தான் லைசென்ஸ், வாங்க இல்லை" என்று சிரிக்கிறார்கள். வீட்டு ஊசிகளைப் பெற உள்ளாட்சிகள் தனி மையம் வைக்க வேண்டும் என்று அதே 2016-ல் வந்த திடக்கழிவு விதி சொன்னது. அந்த மையம் எந்தத் தெருவில் என்று கேட்டு அலைந்து என் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

திருத்தம் போடுங்கள் என்று கேட்கப் போவதில்லை, போட மாட்டீர்கள். குத்திய ஊசியால் தொற்றக்கூடிய மஞ்சள் காமாலைக்கான தடுப்பூசி, அதாவது ஹெபடைடிஸ் பி, மொத்தம் மூன்று தவணை. முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அந்த அம்மாவுக்கு முதல் தவணையாவது போட்டார்களா என்று உங்கள் நிருபரை ஒரு போன் செய்து கேட்கச் சொல்லுங்கள். பதிலை எட்டாம் பக்கத்திலேயே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் (ஆசிரியை அல்ல),
கோத்தகிரி வட்டம், நீலகிரி