மருமகனை அனுப்புவதற்கு முன்னால்

திருச்சி,
21.12.2025

அன்புள்ள மாப்ளே சேகர்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. கார்த்திகைக்குள் இரண்டு வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். மார்கழி பிறந்தால் ஒருத்தரும் குடிபோக மாட்டார்கள் என்பதால், கடைசிப் பத்து நாள் பெயிண்டர், தச்சர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் ஒரே அறைக்குள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஒரு வீட்டில் கீழே ஐயர் ஹோமம் வளர்த்துக்கொண்டிருக்கும்போது மாடியில் பிளம்பர் குழாய்க்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். இன்று ஞாயிறு, சைட் இல்லை, காலையில் வெண்பொங்கல். உட்கார்ந்துவிட்டேன்.

மருமகனுக்கு காண்ட்ராக்ட் ஆசை வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். பி.இ. சிவில் படித்துவிட்டு இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் உட்கார்ந்தவன் இப்போது வீடு கட்டப்போகிறேன் என்கிறான். 'முப்பது வருஷம் பார்த்தவன் நீ, நல்ல தொழிலா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்' என்கிறாய். ஒரே வார்த்தை என்றால் போனிலேயே சொல்லியிருப்பேனே.

பாலிடெக்னிக் முடித்து நீ பரீட்சை எழுதி வரைவாளராகப் போனாய், நான் சைட்டுக்குப் போனேன். நீ போடும் கோடு நேராக வர ஸ்கேல் இருந்தால் போதும். நான் கட்டும் சுவர் நேராக வர கொத்தனார், மழை, வீட்டுக்காரர், வீட்டுக்காரரின் மச்சான் என்று நாலு பேர் ஒத்துழைக்க வேண்டும். அதில் மழையைக்கூடச் சமாளித்துவிடலாம்.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அவனும் அதைத்தான் முதலில் கேட்பான். சதுர அடிக்கு இவ்வளவு என்று கையெழுத்துப் போடும் நாளில் இருக்கிற விலை வேறு, தளம் போடும் நாளில் இருக்கிற விலை வேறு. இந்த ஏப்ரலில் கனிம நில வரியை எதிர்த்து கிரஷர்காரர்கள் ஸ்டிரைக் பண்ணினார்களே, அப்போது எனக்கு ஒரு சைட்டில் பூச்சு வேலை ஓடிக்கொண்டிருந்தது. பூச்சுக்கு வேண்டிய பி-சாண்ட், அதாவது கல்லை அரைத்துச் செய்யும் மணல், கிடைக்கவில்லை. கிடைத்தபோது யூனிட் விலை ஏறிவிட்டிருந்தது. வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். "அக்ரிமெண்டில் அப்படி ஒண்ணும் இல்லையே சார்" என்றார். சரி, நியாயம்தான். செப்டம்பர் 22-ம் தேதி சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. காலை ஏழரைக்கு அதே மனுஷரிடமிருந்து போன்: "சிமெண்ட் இறங்கிடுச்சாமே, நம்ம ரேட்டை எப்படிப் பார்க்கிறீங்க?" அவர் வீட்டில் சிமெண்ட் வேலையே முடிந்து நாங்கள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தோம்.

இந்தத் தொழிலிலேயே விலை அதிகமான சொல் எது தெரியுமா? 'அப்படியே.' அப்படியே ஒரு லாஃப்ட் போட்டுடுங்க. அப்படியே மொட்டை மாடியில் ஒரு தொட்டி. அப்படியே காம்பவுண்டை ரெண்டடி ஏத்திடுங்க. சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும் பார், அதற்கு பில் போட எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. மருமகன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான்: எழுதி வாங்குவது. நான் கற்றுக்கொள்ளவில்லை. அதனால்தான் சனிக்கிழமை வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். வீட்டுக்காரர் பணம் பேஸ்மட்டம், லிண்டல், தளம் என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரா வாரம் கூலி வேண்டும். இடையில் விழும் பள்ளத்தை உன் தங்கச்சியின் செயின் எத்தனை தடவை நிரப்பியிருக்கிறது என்று அவளைக் கேள், தேதியோடு சொல்வாள். 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, அந்த வாரச் சனிக்கிழமை பதினெட்டுப் பேரை எதிரில் நிற்கவைத்துவிட்டு வெறுங்கையோடு நின்றேன். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் போனார்கள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஆனால் என்னை அரிப்பது பணம் இல்லை மாப்ளே. நாம் செய்கிற வேலையில் முக்கால்வாசி மூடிப் போகிறது. அஸ்திவாரத்தை மண் மூடும். கம்பியை கான்கிரீட் மூடும். கான்கிரீட்டைப் பூச்சு மூடும், பூச்சைப் பட்டி, பட்டியைப் பெயிண்ட். வீட்டுக்காரர் பார்ப்பது கடைசியில் இருக்கும் அந்தப் பெயிண்டையும் சுவிட்சு போர்டின் நிறத்தையும்தான். உள்ளே தூண் கம்பியைச் சுற்றிய ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று கட்டியிருக்கிறது, கம்பி பலகையில் ஒட்டாமல் இருக்க கவர் பிளாக் வைத்தோமா என்று கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

உனக்கு இதை நான் சொன்னதில்லை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம் ஒரு வீடு. வயலாக இருந்த மனை, தோண்டத் தோண்டக் களி. அஸ்திவாரத்துக்கே பாதி உயிர் போனது. அங்கே மாடிப்படி மூலைத் தூணுக்குப் பலகை பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அடியில் ஒரு ஜாண் உயரத்துக்குச் சாந்தே இல்லை. வெறும் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. விரலை விட்டேன், கம்பி தட்டுப்பட்டது. முதல் நாள் நான் பேங்குக்குப் போயிருந்த ஒன்றரை மணி நேரத்தில் போட்ட தூண். கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் வைக்கவில்லை, பலகைச் சந்து வழியாக சிமெண்ட் பாலெல்லாம் ஒழுகிப் போயிருக்கிறது. மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார், ரிச்சாக் கலவை போட்டு அடைச்சுப் பூசிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையைத்தான் சொன்னார். யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. மௌலிவாக்கம் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. 2014 ஜூனில் அந்தப் பதினோரு மாடி விழுந்து 61 பேர் செத்தபோது, நீயும் நானும் போனில் ஒரு மணி நேரம் பேசினோமே. என்னுடையது தரையும் ஒரு மாடியும்தான். இருந்தாலும் அந்த மூலையில் படி ஏறும், தண்ணித் தொட்டி உட்காரும். நல்லவேளையாக மேலே பீம் இன்னும் போடவில்லை. காலையில் உளியும் சம்மட்டியும் கொடுத்து மொத்தத் தூணையும் உடைக்கச் சொன்னேன். கம்பி வளையாமல் உடைக்க இரண்டு நாள் ஆனது. திரும்பப் போட்ட செலவு என் தலையில்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் மாமனாரோடு வந்தார். உடைந்த தூணைச் சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்தார். நான் விளக்கினேன். தலையை ஆட்டினார். ஒரே வாரத்தில் தெருவெல்லாம் பேச்சு: 'அவரா, கட்டுவார், அப்புறம் உடைப்பார்.' அதே தெருவில் எனக்கு வரவேண்டிய அடுத்த வேலை வேறொருவருக்குப் போனது. அந்த சைட்டைக் கடக்கும்போதெல்லாம் பார்ப்பேன். பலகை பிரித்த மறுநாளே தூணையெல்லாம் மழமழவென்று பூசிவிட்டிருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறதோ, நன்றாகவே இருக்கலாம். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை.

அப்புறம் ஏன் விடவில்லை என்று கேட்பாய். தளம் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கும் சென்ட்ரிங்கைப் பிரிக்கிற நாளுக்கு நீ ஒருமுறை வரவேண்டும். ஒவ்வொரு முட்டாகத் தட்டி எடுத்து, தகரத்தை இறக்கி முடித்ததும் உள்ளே போய் நிற்பேன். பத்துப் பதினைந்து நாள் முன்னால் வரை வெயில் கொளுத்திய இடம். சிமெண்ட் வாசனையோடு ஒரு குளிர்ச்சி இருக்கும் அங்கே. பேசினால் குரல் எதிரொலிக்கும். அண்ணாந்து பார்த்தால் தகரத்தின் தடம் கட்டம் கட்டமாக. அன்று ராத்திரியே வாட்ச்மேன் குடும்பம் உள்ளே வந்துவிடும். மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டுவார்கள். எந்த வீட்டிலும் முதலில் பால் காய்ச்சுவது வாட்ச்மேன் பெண்டாட்டிதான், கிரகப்பிரவேசப் பத்திரிகை அப்புறம்தான் அடிப்பார்கள்.

போன மாதம் ஒரு மழை நாளில், 2007-ல் கட்டிக்கொடுத்த ஒரு வீட்டிலிருந்து போன். மழையில் பழைய வீட்டுக்காரர் போன் பண்ணினால் ஒழுகல் என்றுதான் அர்த்தம். அந்த வீட்டில் பாத்ரூம் எங்கே, பைப் எங்கே போகிறது என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டே எடுத்தேன். மகளுக்குக் கல்யாணமாம், பத்திரிகை கொடுக்க வர வேண்டுமாம். ரேஷன் கடையில் வேலை பார்த்தவர் அவர். கட்டும்போது தினம் வேலை முடிந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே சுவருக்குத் தண்ணீர் அடிப்பார். (இப்போதெல்லாம் கரண்ட் பில் ஏறுகிறது என்று மோட்டாரை நிறுத்துகிறார்கள். பிபிசி (PPC) என்கிற சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் வேண்டும் என்று கெஞ்சுகிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போய், தூணில் சுற்றிய சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருபவன் நான் ஒருத்தன்தான்.) கல்யாணத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் "இவர்தான் நம்ம வீட்டைக் கட்டினவர்" என்று சொன்னார். 'காண்ட்ராக்டர்' என்று சொல்லவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்து பாயசத்தில் கை வைத்ததும் பக்கத்து இலைக்காரர், "சார், இப்ப சதுர அடி என்ன ரேட்?" என்றார்.

ஆள் விஷயம் ஒன்றும் இருக்கிறது, அதில் எனக்கே என் மேல் வருத்தம். எங்கள் செட்டில் ஒரு சித்தாள் அக்கா, இருபத்தைந்து வருஷமாகக் கல் தூக்குகிறார். கீழே நின்று பார்த்தே 'அந்த வரி இந்தப் பக்கம் இறங்குது' என்பார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் இறங்கித்தான் இருக்கும். ஒருநாள் சின்ன பாத்ரூம் சுவர் ஒன்றைக் கட்டச் சொல்லி அவர் கையில் கரண்டியைக் கொடுத்தேன். நாலு வரி கட்டினார், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், அப்படியே நூல் பிடித்தமாதிரி இருந்தது. கொத்தனார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் அக்கா கரண்டியைக் கழுவி என்னிடமே நீட்டினார். "வேணாம் சார். நாளைக்கும் இவங்களோடதானே நான் வேலை பார்க்கணும்." நான் வாங்கிக்கொண்டேன். அவர் இன்னும் சித்தாள் கூலிதான் வாங்குகிறார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் அட்டையைப் புதுப்பித்துக் கொடுத்தேன், என்னால் ஆனது அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

சரி, மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் கழித்து அனுப்பு. ஆறு மாதம் என்னோடு இருக்கட்டும். லேப்டாப் வேண்டாம், ஷூ வேண்டும். முதல் வேலை தளம் போடும் நாளில் மிக்ஸர் பக்கத்தில் நிற்பது. ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டைக்கு இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் கணக்கு, கான்கிரீட்டுக்குப் போடும் எம்-சாண்ட் மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். மெஷின்காரப் பையன் கண் அசந்தால் ஒரு வாளி சேர்த்து ஊற்றிவிடுவான். இளகினால் அள்ளுவது, பரப்புவது எல்லாம் சுலபம், அவனுக்குக் கை வலிக்காது. பீகார்ப் பையன்கள், நல்ல பிள்ளைகள், என் இந்தியே அவர்களுக்காகக் கற்ற இரண்டு வார்த்தைதான்: 'பானி கம்', தண்ணீர் கம்மி. காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் வரை இதையே கத்திக்கொண்டு வெயிலில் நிற்க முடிகிறதா என்று பார்க்கட்டும். ஒரு நாள் நின்று, அடுத்த தளத்துக்கும் தானே வந்து நின்றான் என்றால் மேற்கொண்டு பேசுவோம். நிற்காவிட்டாலும் தப்பில்லை, கம்பெனி எங்கேயும் ஓடிப் போய்விடாது. வீட்டை அடமானம் வைத்துத் தொடங்குகிறேன் என்று சொன்னால் மட்டும் கையைக் காலைக் கட்டிப் போடு.

தை 12 வாஸ்து நாள், லால்குடி ரோட்டில் புது வீட்டுக்கு வானம் தோண்டுகிறோம். பூமியைத் தோண்டுவதற்கு எவன் வானம் என்று பேர் வைத்தானோ! அன்று ஜனவரி 26, உனக்கும் லீவு. அவனோடு நீயும் வா. பூஜை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அப்புறம் முக்கொம்பு போகலாம். போன தடவை பழைய கதவணைக்கு எதிரில் நின்றுகொண்டு, '1836-ல் வெள்ளைக்கார இன்ஜினியர் காட்டன் கட்டினது, 2018 வரைக்கும் தாங்கியிருக்கு' என்று நீ கணக்குப் போட்டாயே, அந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். மீன் வறுவல் என் செலவு.

தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் வீட்டுக் கிணற்றடிப் படி உயரம் ஏழு அங்குலத்துக்கு மேல் இருக்கும்போல, போன தடவையே கவனித்தேன். அளந்து எழுது. ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன்.

உன்,
பாலு