பழைய யூனிக்ஸ் நிரலும் மாலாக்கும்

அன்புள்ள சேகர்,

பேரன் பிறந்த செய்தி படித்து மிகவும் மகிழ்ந்தேன். மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்.

புதிய கணினியில் சரியாக ஓடவில்லை என்று நீ அனுப்பிய, சி மொழியில் எழுதிய பழைய யூனிக்ஸ் நிரலை வரிவரியாகப் படித்தேன். எழுதியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தன் காலத்துக் கையேட்டை நம்பி ஒழுங்காகவே எழுதியிருக்கிறார்.

நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மாலாக் (malloc) என்ற செயற்கூறை அறிவிக்கும் தலைப்புக் கோப்பு எங்குமே இல்லை. அறிவிக்காத செயற்கூறு 'இன்ட்' (முழு எண்) தரும் என்றே பழைய சி எடுத்துக்கொள்ளும். மாலாக் தருவதோ பாயிண்டர், அதாவது நினைவக முகவரி. இன்ட்டும் பாயிண்டரும் ஒரே அளவில் இருந்தவரை பாதகமில்லை. இன்றைய லினக்ஸில் பாயிண்டர் 64 பிட், இன்ட் 32 பிட். முகவரியின் மேல்பாதி வெட்டுப்படுகிறது. 'போன கணினியும் 64 பிட்தானே, அதில் எப்படி ஓடியது?' என்று கேட்டிருந்தாய். அங்கே நிரல் தாழ்ந்த முகவரியில் ஏறியது, மாலாக் இடம் எடுக்கும் ஹீப்பும் அதை ஒட்டியே இருந்தது. வெட்டுப்பட்ட பாதியில் வெறும் பூஜ்யங்கள்தான். இப்போதோ எந்த முகவரியிலும் ஏற்றக்கூடியதாகவே கம்பைலர் நிரலைக் கட்டித் தருகிறது. ஹீப் வெகு உயரத்துக்குப் போய்விட்டது. ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பு, அறிவிக்காமல் அழைப்பதைப் பிழையென்றே சொல்லி நிறுத்திவிடும். அதன் வாயை அடைக்கும் விருப்பத்தேர்வை மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதே. கோளாறை இவ்வளவு தெளிவாக வேறு யாரும் காட்டித் தர மாட்டார்கள்.

என்னை அசரவைத்தது இன்னொன்று. கணுக்களாகக் கோத்த பட்டியலை அழிக்கும் சுழலில், கணுவை ஃப்ரீ செய்தபிறகு (அதன் இடத்தை விடுவித்தபிறகு) அதே கணுவிலிருந்து அடுத்த கணுவின் முகவரியை எடுக்கிறார். இன்றைக்கு இது பெருந்தவறு. ஆனால் 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் கையேட்டைப் புரட்டிப் பார்: விடுவித்த இடத்தின் உள்ளடக்கம் கலையாமல் இருக்கும் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். விடுவித்த துண்டைக்கூட, இடையில் வேறு ஒதுக்கீடு நடக்காதவரை, ஒதுக்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக்கிடம் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது! இன்றைய லினக்ஸில் மாலாக்கையும் ஃப்ரீயையும் தரும் குனு சி நூலகமோ விடுவித்த துண்டின் தலையிலேயே தன் கணக்கை எழுதிக்கொள்கிறது. உன் நிரலில் அடுத்த கணுவின் முகவரி இருப்பதும் சரியாக அங்கேதான். ஃப்ரீக்கு முன்பே அந்த முகவரியை ஒரு மாறியில் எடுத்துவைத்துக்கொள்.

நிரலாளர்கள் தாங்களே 'சார் பாயிண்டர் மாலாக்' என்று அறிவித்த வரிகள் இரண்டு கோப்புகளில் கிடக்கின்றன. தலைப்புக் கோப்பைச் சேர்த்ததும் அவை முரண்படும், நீக்கிவிடு. பிறகு, நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு தொகுத்து, பழைய தரவு முழுவதையும் கொடுத்து ஓட்டிப் பார். அது முதலில் காட்டும் பிழையை மட்டும் திருத்தி, மறுபடி ஓட்டு. அறிக்கைகளை எனக்கு அனுப்பு, சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
ரகு