ஆண்டகை போட்ட கழித்தல் கணக்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வாசித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், மனுசி உடனே மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டாள். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

எங்கள் மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகையின் கல்லறைக்குப் போனாயா என்று கேட்டிருந்தாய். போன கிழமை போனேன், செபஸ்தியார் பேராலயத்தில் ஆளில்லாத மத்தியான நேரம். 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழன் அன்று அவர் போனதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை, யேசு குருத்துவத்தை ஏற்படுத்திய நாளாகப் பார்த்து ஒரு குரு கண் மூடுகிறாரே என்று அன்றைக்கு அழுதேன். 81 வயதாக இரண்டு கிழமைதான் இருந்தது.

நெடுந்தீவில் பிறந்த மனிதர், 1992இல் மன்னாரின் இரண்டாவது ஆயராக வந்து 2016 தொடக்கத்தில் நோயோடு ஓய்வு பெறும்வரை எங்களோடேயே இருந்தார். ஆயர் என்றால் திருப்பலி, உறுதிப்பூசுதல், குருக்களுக்கு இடமாற்றம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தோம், இல்லையா? இவருக்குக் கிடைத்ததோ 1999 நவம்பரில் மடுக் கோவிலில் தஞ்சமிருந்த சனங்கள் மேல் எறிகணை விழுந்த காலமும், 2008 ஏப்ரலில் மாதாவின் திருச்சொரூபத்தையே தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டிவந்த காலமும். "மாதாவும் இடம்பெயர்ந்திட்டா" என்று அம்மா சொன்னது இப்பவும் காதில் கேட்கிறது.

ஆனால் கல்லறைக்கு முன்னால் நின்றபோது மனதில் ஓடியது 2011 ஜனவரிதான். போர் முடிந்த பிறகு அரசாங்கம் வைத்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் அவர் ஒரு கழித்தல் கணக்கு வைத்தாரே. 2008 ஒக்டோபரில், கடைசிப் போர் நடந்த வன்னியில் இருந்தவர்கள் கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கணக்குப்படி 429,059 பேர், 2009 ஜூலை வரை இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் ஐ.நா. கணக்குப்படி 282,380 பேர், மிச்சம் 146,679. அத்தனை பேரும் செத்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை, அவர்களுக்கு என்ன நடந்தது என்று விளக்கம் கேட்டார், அவ்வளவுதான். அதற்காகப் பிறகு பொலிஸ் புலனாய்வுக்காரர் அவரை வீடு தேடி வந்து விசாரித்தார்கள். எனக்கு அப்போது பயம், ஆண்டகை ஏன் இதையெல்லாம் கதைக்கிறார், கோவில் வேலையைப் பார்த்தால் காணாதா என்று உன்னிடம் போனில் சொன்னேன். நீ ஒன்றும் பேசாமல் இருந்தாய். உன் அண்ணாவும் அந்த 146,679க்குள்தான் என்பது அந்த நேரம் என் மண்டையில் ஏறவில்லையடா. அதற்கு இத்தனை வருடம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

யார் யாரோ தந்த எண்களை அருகருகே வைத்து, வராமல் போனவர்களைத் தேடிய ஒரே ஆள் அவர் என்று சொல்லமாட்டேன், தாய்மார் அதற்கு முன்பே தெருவில் நின்றார்கள். ஆனால் அவ்வளவு பெரிய பதவியில் இருந்த ஒருவர் பயப்படாமல் ஆட்களை எண்ணியது எனக்குப் பெரிய விசயம். ஆயர் என்ற சொல்லுக்கே மேய்ப்பர் என்றுதானே பொருள்.

அண்ணாவின் பெயர் சொல்லி ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். ஆவணித் திருவிழாவுக்கு வருவதென்றால் முன்கூட்டியே எழுது, மடுவில் தங்க இடம் பார்க்க வேண்டும், கடைசி நேரத்தில் கிடைக்காது.

உன் பழைய கூட்டாளி