பால் ஒத்துக்கொள்ளாத வீட்டிலிருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் ஆரோக்கியப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிறவள் நான். அண்மையில் ஒரே பக்கத்தில் இரண்டு விஷயங்கள் வந்திருந்தன. மேலே, நாற்பது தாண்டிய பெண்கள் எல்லோரும் தினமும் இரண்டு கிளாஸ் பால் குடிக்க வேண்டும் என்ற குறிப்பு. கீழே, எச்சிலைக் கொடுத்தால் உங்கள் மரபணுவுக்கு ஏற்ற சாப்பாட்டைச் சொல்வார்கள் என்ற கட்டுரை. அது கட்டுரையா விளம்பரமா என்று இரண்டு தரம் வாசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் முதலாவதை நம்பி வயிறு கெட்டது, இரண்டாவதை நம்பிக் காசு போனது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பால் ஆகாது. பால்மா போட்ட தேத்தண்ணி ஒரு கோப்பை என்றால் பரவாயில்லை. வெறும் பாலாக ஒரு கிளாஸ் குடித்தால் சிறிது நேரத்திலேயே வயிறு உருளத் தொடங்கிவிடும். எலும்பு தேய்கிறது, பால் குடியுங்கள் என்று ஒரு கிளினிக்கில் சொன்னதைக் கேட்டு ஆறு மாதம் விடாமல் குடித்தேன். வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏற முன்பு, வழியில் எங்கே இறங்கினால் கழிவறை இருக்கும் என்று யோசிக்கிற நிலைமை வந்தது.

இது நோயே இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. பாலில் உள்ள லக்டோஸ் என்ற சீனியை உடைக்க லக்டேஸ் என்ற நொதியம் வேண்டும். கைக்குழந்தைகளிடம் அது தாராளமாக இருக்கும். பால்குடி மறந்த பிறகு, உலகில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆட்களுக்குக் குறைந்துவிடும். அது குறையாமல் இருக்கிறவர்கள்தான் விசேஷமானவர்கள். ஐரோப்பியரிடம் அதற்குக் காரணம் மரபணுக்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்) இரண்டாவதில், மரபுக் குறியீட்டின் ஒரேயொரு எழுத்து மாறியிருப்பது என்று 2002இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மாடு வளர்த்துப் பாலில் வாழ்ந்த கூட்டங்களில் அந்த மாதிரி மாற்றங்கள் நிலைத்துவிட்டன. இந்தியாவின் வடமேற்கில் அதே மாற்றம் பலரிடம் உண்டு, தெற்கே வர வரக் குறைகிறது. எங்கள் அம்மம்மாவுக்கு நிறமூர்த்தம் எதுவும் தெரியாது. ஆனால் பாலைத் தொடமாட்டார். சட்டித் தயிரும் கித்துள் பாணியும் என்றால் சரி. தயிரில் இருக்கிற பக்டீரியா லக்டோஸில் ஒரு பங்கை முன்கூட்டியே தின்று தீர்த்துவிடுவதால் அது அவர் வயிற்றில் தங்கியது. கல்சியத்துக்கு முள்ளோடு தின்கிற நெத்தலியும் குரக்கன் பிட்டும் இருந்தன. இப்போது நானும் அதற்கே திரும்பிவிட்டேன்.

என் மகளின் விஷயம் இதைவிடப் பெரியது. பதினாறு வயதிலிருந்து அவளுக்கு ஹீமோகுளோபின் பத்தைச் சுற்றியே நின்றது. இரும்புச்சத்து மாத்திரை, முருங்கையிலை வறை, ஈரல், பேரீச்சம்பழம் என்று நான்கு வருடம் ஓடியது. மலச்சிக்கல்தான் மிச்சம். மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று ஏச்சும் அவளுக்கே விழுந்தது, என்னிடமிருந்தும் சேர்த்து. கடைசியில் ஒரு டொக்டர் பழைய ரிப்போர்ட்டுகளை மேசையில் பரப்பிவைத்து, ஒரு வரியில் பேனையால் தட்டினார். செங்குழியங்கள் அளவில் மிகச் சிறியவை, எண்ணிக்கையோ வழக்கத்தைவிடக் கூட. இரும்பு குறைந்தால் பெரும்பாலும் எண்ணிக்கையும் சேர்ந்து குறையும் என்றார். உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் பெரிட்டின் சோதனை செய்து பார்த்தோம், இரும்பு தாராளமாக இருந்தது. ஹீமோகுளோபினை வகை பிரித்துப் பார்த்ததில் அவள் தலசீமியா காவி என்று தெரிந்தது, அதாவது தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபணுவைத் தான் கடும் நோயாளியாகாமல் சுமப்பவள். காவிக்கும் இரும்பு குறையலாம், குறைந்தால் கொடுக்கத்தான் வேண்டும். அவளுக்கு ஒருநாளும் குறைந்திருக்கவில்லை.

கலியாணம் பேசியபோது மருமகனுக்கும் அதே சோதனை செய்தோம். அவர் காவி இல்லை. இரண்டு பேரும் காவியாக இருந்திருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அப்படிப் பிறந்த பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மரபணு எங்கள் நாட்டில் இவ்வளவு பேரிடம் தங்கியதற்கு மலேரியாதான் காரணம். காவிகளை அது அவ்வளவாகச் சாய்க்கவில்லை. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் சான்றிதழ் கொடுத்துவிட்டது. மரபணு எங்கும் போகவில்லை.

இனி எச்சில் சோதனை. என் பெறாமகன் நல்ல காசு கொடுத்து அதைச் செய்தான். பளபளக்கிற ரிப்போர்ட் வந்தது. கோப்பி உங்கள் உடம்பில் மெதுவாகக் கரையும் என்று ஒரு பக்கம். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு குடித்தால் நித்திரை வராது என்று அவன் பத்து வருடமாகச் சொல்கிறான்! இன்னொரு பக்கத்தில், உங்களுக்குக் கொழுப்புக் குறைந்த உணவுதான் பொருத்தம் என்றிருந்தது. உடனே சொதியை நிறுத்திவிட்டு, இரவில் பாணும் ஜாமும் சாப்பிடத் தொடங்கினான். நிறை கூடியது.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 609 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கொழுப்புக் குறைந்த உணவு, மறு பகுதிக்கு மாப்பொருள் குறைந்த உணவு. ஒரு வருடத்தில் சராசரியாக 5.3 கிலோவும் 6 கிலோவும் குறைந்தன. மரபணுவுக்குப் 'பொருந்திய' உணவு கிடைத்தவர்களுக்குத் தனியாக ஒரு பலனும் தெரியவில்லை. முடிவு 2018இல் வெளிவந்தது. 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்றில், ஒரே மரபணு உள்ள இரட்டையருக்குக்கூட ஒரே சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் சீனி ஏறுவது வேறுபட்டது. நித்திரை, சாப்பிட்ட நேரம், குடலில் உள்ள கிருமிகள் என்று அதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பால் குடியுங்கள் என்று போடும்போது, ஒத்துக்கொள்ளாதவர்கள் தயிரும் நெத்தலியும் எடுக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். விளம்பரத்துக்கு மேலே விளம்பரம் என்று போடுங்கள். ஒரு வாரமாவது, சாதாரண இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் செங்குழிய அளவு எந்த வரியில் இருக்கிறது, அது குறைந்தால் டொக்டரிடம் என்ன கேட்பது என்று, இரும்பு மாத்திரை போடுகிற பிள்ளைகளின் தாய்மாருக்கு விளங்கும்படி எழுதுங்கள். எங்களுக்கு அது நான்கு வருடம் பிந்தித்தான் தெரிந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு-06.