வில்லியம் இங்கிடிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வில்லியம் இங்கிடி அவர்களுக்கு,

உங்கள் குடும்பப் பெயர் கிரிக்கெட் பார்க்கும் தமிழர்களுக்குப் பழக்கம்தான்; தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ஒருவருக்கும் அதே பெயர். உங்களைத்தான் இங்கே அதிகம் பேருக்குத் தெரியாது. எனக்கு உங்களை அறிமுகப்படுத்தியது நோவாவின் பேழை.

ஒன்பது வயதில், ஞாயிறு பள்ளியில் நானும் கேட்டேன்: பேழைக்குள் சிங்கம் எதைத் தின்றது? "உட்காருடா" என்றார் வாத்தியார். அதோடு சரி. நீங்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தை ஜூலு மொழிக்குக் கொண்டுவர உதவிக்கொண்டிருந்தபோது கேட்டீர்கள்: சூடான நாட்டு விலங்கும் குளிர் நாட்டு விலங்கும் ஜோடி ஜோடியாக வந்தனவா? வேட்டையாடும் மிருகங்களுக்கும் நோவா தீனி சேர்த்து வைத்தாரா? இதெல்லாம் நிஜமா? எதிரே இருந்தவர் ஆங்கிலிக்கன் பேராயர் ஜான் வில்லியம் கொலென்சோ. அவரும் உங்களை உட்காரச் சொல்லியிருக்கலாம். கர்த்தரின் பெயரால் பொய் சொல்லத் துணியவில்லை என்று பிற்பாடு எழுதினார்.

மனிதர் கணக்கில் புலி. 1836இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாமிடம். இங்கிலாந்துப் பிள்ளைகள் படித்தது அவருடைய கணக்குப் புத்தகத்தை. அந்தக் கையோடு பைபிளின் முதல் ஐந்து நூல்களான மோசேயின் ஆகமங்களிலும் கணக்குப் போட்டார். எகிப்தை விட்டுக் கிளம்பிய இஸ்ரவேலரில் ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் என்றால் ஜனம் எத்தனை? அத்தனை பேரும் அவர்களுடைய வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடார வாசலில் எப்படி நிற்பார்கள்? இந்தக் கணக்கையெல்லாம் புத்தகமாக எழுதினார்; 1862இல் முதல் பாகம் வெளிவந்ததும் ரகளை. கேப் டவுன் பேராயர் ராபர்ட் கிரே அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். 1865இல் மேல்முறையீட்டை விசாரிக்கும் லண்டன் பிரிவி கவுன்சில் அது செல்லாது என்றது. இந்தச் சபைச் சண்டையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது அப்புறம் நடந்தது. 1873இல் நேட்டாலின் ஹ்லூபி இனத் தலைவர் லங்காலிபலேலேயை, துப்பாக்கிகளைப் பதிவு செய்யவில்லை என்று அரசு கூப்பிட்டது. அவர் போகவில்லை. அழைக்க வந்த தூதரின் துணியை உரிந்து அவமதித்தார் என்றும் குற்றச்சாட்டு. கொலென்சோ சாட்சிகளைத் தேடிப்பிடித்து விசாரித்தார். கோட்டைக் கழற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான். உள்ளே ஆயுதம் இருக்குமோ என்ற பயம். பல வருடம் முன்பு மட்ஷானா என்ற தலைவரைப் பேச அழைத்து, ஆயுதத்தை ஒளித்து வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி பிடிக்கப் பார்த்ததை அவர்கள் மறந்திருக்கவில்லை. அந்த அதிகாரி, நேட்டால் அரசின் உயர் அதிகாரியும் பேராயரின் உற்ற நண்பருமான தியோஃபிலஸ் ஷெப்ஸ்டோனின் தம்பி. கொலென்சோ அந்த நட்பையும் இழந்தார். லங்காலிபலேலேயை ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பியதும் கப்பலேறி லண்டன் போய் அமைச்சரிடமே முறையிட்டார். நேட்டால் ஆளுநர் திருப்பி அழைக்கப்பட்டார்.

வேதத்தைப் பற்றி நீங்கள் கேட்டதைச் செவிமடுத்தவர் என்பதால்தான், அரசாங்கத்தைப் பற்றி ஜூலு சாட்சி சொன்னதும் அவர் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன்.

1879 ஜனவரியில் இசான்ட்ல்வானாவில் ஜூலு படையிடம் ஆங்கிலப் படை நொறுங்கியது. வெள்ளைக்காரர்கள் பழி வாங்கத் துடித்துக்கொண்டிருந்த மார்ச்சில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பேராலயத்தில் கொலென்சோ பைபிள் தீர்க்கதரிசி மீகாவின் வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தார்: நியாயஞ்செய், இரக்கத்தைச் சிநேகி. ஜூலு நாட்டில் மட்டும் செத்தவர்களுக்காக அழ ஆளில்லையா என்று கேட்டார். கேட்டவர்களில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். அந்தப் பீடத்தில் ஏற எனக்குக் கால் நடுங்கியிருக்கும். சிறைப்பட்ட ஜூலு மன்னர் செட்ஷ்வாயோவுக்காகவும் 1883இல் சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

ஒரு மனத்தாங்கல். கொலென்சோவின் அந்த 1862 புத்தக முன்னுரையில் உங்கள் கேள்வி இருக்கிறது, பெயர் இல்லை. வெகுளியான, ஆனால் அறிவுள்ள சுதேசி ஒருவர். குழந்தையின் பணிவும் முதிர்ந்தவரின் சிந்தனையும் உள்ளவர் என்கிறார். குழந்தையாம்! அதே பேராலயத்தில் அவருடைய கல்லறைக் கல்லில் 'சோபான்டு' என்றிருக்கிறது. மக்களின் தந்தை, உங்கள் ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர்.

அந்த முன்னுரையை நீங்கள் படித்தீர்களா? கோபம் வந்ததா, சிரித்தீர்களா?

அன்புடன்,
பேழைக் கேள்வியில் உட்கார வைக்கப்பட்ட ஒருவன்