அண்டைக்கு என்ர மகனோட நிண்ட நேர்ஸ் அக்காவுக்கு

போன கிழமை கோண்டாவிலில மகன் சைக்கிளால விழுந்து கை முறிஞ்சு போச்சு, 5 வயசுப் பிள்ளை, ஓட்டோவில ஆஸ்பத்திரி போய்ச் சேருமட்டும் குழறின குழறல் இப்பவும் காதுக்குள்ள நிக்குது. எனக்குக் கையும் ஓடேல்ல காலும் ஓடேல்ல.

அக்கா, நான் ஒண்டும் கேக்கேல்ல, நீங்களாத்தான் வந்தனீங்கள். முதல்ல அவன்ர கை அசையாமல் மட்டை வச்சுக் கட்டினீங்கள், அசையாட்டியே பாதி நோ குறையும் எண்டு சொன்னனீங்கள். பிறகு நிறை பாத்து, டொக்டரிட்டக் கேட்டு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில பரசிற்றமோல் குடுத்திட்டு, சிரிக்கிற முகத்தில இருந்து அழுற முகம் வரைக்கும் 6 முகம் கீறின அட்டையக் காட்டி "அப்பன், உனக்கு இப்ப எந்த முகம்?" எண்டு கேட்டீங்கள். அவன் கடைசி முகத்தைத் தொட்டவன். சின்னப்பிள்ளையின்ர நோவை அவனிட்டயே கேக்கலாம் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

ஊசி போடேக்க, எல்லாரும் சொல்லுற மாதிரி நோகாது எண்டு பொய் சொல்லேல்ல நீங்கள். "கொஞ்சம் நோகும், அம்மான்ர மடியில இரு, என்னோட சேந்து பலூன் ஊது" எண்டனீங்கள். ஒருத்தரும் அவனை அமத்திப் பிடிக்கேல்ல. அரை மணித்தியாலத்தால திரும்பி வந்து அதே அட்டையை நீட்டினீங்கள், அவன் ரெண்டாவது முகத்தைத் தொட்டான், நான் அழுதிட்டன்.

உங்கட பேர் கேக்க மறந்திட்டன் அக்கா. இதைப் பாத்தா ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, மகன் உங்களுக்கு ஒரு பலூன் வச்சிருக்கிறான்.