கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்

அன்புள்ள கண்ணுவுக்கு,

நேற்று ராத்திரி போனில் உன் குரலே சரியில்லை. பரீட்சைக்கு 5 வாரம்தான் இருக்கிறது, படித்தது எதுவும் மண்டையில் நிற்கவில்லை என்றாய். குழந்தை அழவும் போனை வைத்துவிட்டாய். எனக்குத் தூக்கம் வரவில்லை, எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கிளினிக் அலுவலக வேலைக்கான இதே சி.எம்.ஏ.ஏ. சான்றிதழ்ப் பரீட்சையை அமெரிக்காவில் 46 வயதில் எழுதி, 11 வருஷமாக கிளினிக் ஃப்ரன்ட் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்வதாகவும் எடுத்துக்கொள்.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். மொத்தம் 135 கேள்வி, 2 மணி 15 நிமிஷம். கேள்விக்கு ஒரு நிமிஷம். அதில் 110-க்குத்தான் மதிப்பெண். மீதி 25 அவர்கள் பரிசோதனைக்காகச் சேர்ப்பவை, எது எதென்று நமக்குத் தெரியாது. ஆகவே நீ கேள்வியே படாத ஒன்று வந்தால் அங்கேயே நின்று கலங்காதே, அது அந்த 25-ல் ஒன்றாக இருக்கலாம். தப்பான பதிலுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், எதையும் காலியாக விடாதே. 200-லிருந்து 500 வரை உள்ள ஸ்கோரில் 390 எடுத்தால் பாஸ். தவறினாலும் 30 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

அப்புறம் அந்த மருத்துவச் சொற்கள். தினமும் 50 சொல்லை எழுதி எழுதி உருப்போடுகிறேன் என்றாயே, அதை இன்றோடு நிறுத்து. பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் உனக்கு எவ்வளவு பிடிக்கும்! பகுதி, விகுதி, சாரியை என்று நோட்டில் கோடு போட்டுப் பிரிப்பாய். அதேதான் இதுவும். கேஸ்ட்ரோஎன்டராலஜி என்ற சொல்லை எடுத்துக்கொள். கேஸ்ட்ர் என்றால் இரைப்பை, என்டர் என்றால் குடல், இரண்டும் பகுதி. கடைசியில் வரும் லஜி விகுதி. நடுவில் ஒட்டவைக்கிற 'ஓ' இருக்கிறதே, அது நம் சாரியை மாதிரி. தனக்கென்று பொருள் கிடையாது, சொல்ல வசதியாக வந்து நிற்கிறது. விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் அந்த 'ஓ' போய்விடும். அதனால்தான் கேஸ்ட்ரைட்டிஸ் என்கிறோம். இரண்டு பகுதிகளுக்கு நடுவே வந்தால் போகாது. இந்த விதி பிடிபட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

எக்டமி, ஆஸ்டமி, ஆட்டமி மூன்றும் குழம்புகிறது என்றாய். எனக்கும் குழம்பியது. சொல்லை விட்டுவிட்டு ஆளை நினைத்துக்கொள். கோலெக்டமி என்றால் பெருங்குடலை, அல்லது அதில் ஒரு பகுதியை, வெட்டி எடுத்துவிட்டார்கள். கோலாஸ்டமி என்றால் குடலை வயிற்றின் மேல்பக்கம் திறந்துவிட்டிருக்கிறார்கள், அவர் சட்டைக்குள் ஒரு பை இருக்கும். கோலாட்டமி என்றால் குடலைக் கீறித் திறந்தது. எங்கள் கிளினிக்குக்கு அந்தப் பையோடு ஒரு பெரியவர் வருவார், வந்ததும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார். அவரைத் தெரிந்தபிறகு ஆஸ்டமி எனக்கு மறக்கவே இல்லை.

இன்சூரன்ஸ் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பழகு. ஒருவருக்கு டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் தரத் தொடங்குமுன் வருஷத்தில் அவரே கட்ட வேண்டிய தொகை, 1,000 டாலர். இந்த வருஷம் 800 கட்டிவிட்டார். கோ-இன்சூரன்ஸ், அதாவது அதற்குப் பிறகும் பில்லில் அவருடைய பங்கு, 20 சதவீதம். இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்ட பில் தொகை 500 டாலர். முதலில் டிடக்டிபிளில் பாக்கியுள்ள 200 அவருடையது. மிச்சம் 300-ல் 20 சதவீதம், அதாவது 60. ஆக அவர் 260 கட்ட வேண்டும், கம்பெனி 240 தரும். "போன தடவை இவ்வளவு இல்லையே" என்று முகம் வாடி ஒருவர் எதிரில் நிற்கும்போது இதைப் பொறுமையாக விளக்கத் தெரிய வேண்டும்.

பர்த்டே ரூலும் கட்டாயம் பார். அம்மா, அப்பா இருவர் இன்சூரன்ஸிலும் பிள்ளை இருந்தால், வருஷத்தில் யார் பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவருடையதுதான் பிரைமரி, பில் முதலில் அதற்குத்தான் போகும். வயதைப் பார்க்கக் கூடாது, மாதமும் தேதியும்தான். உன் அப்பாவுக்கு நவம்பர், எனக்கு மார்ச். நீ எங்கள் பிளானில் இருந்தபோது என்னுடையதுதான் முதலில் போனது.

மெடிகேர், முக்கியமாக முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ், நாலு பகுதி: ஏ ஆஸ்பத்திரிக்கு, பி டாக்டருக்கு, சி தனியார் கம்பெனி வழியாக, டி மருந்துக்கு. அப்பாயின்ட்மென்ட் முறைகள் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வை: நெஞ்சுவலி என்று போன் வந்தால் காலண்டரைத் திறக்காதே, அவசர உதவிக்கான 911 எண்தான்.

கடைசியாக ஹிப்பா, நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கச் சொல்லும் சட்டம். 1996-ல் வந்தது என்று வருஷத்தை மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப் போகாதே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தப்பை உன்னிடம் சொன்னதில்லை. ஒரு பெண்ணுக்கு ரிசல்ட் வந்திருந்தது. அவள் போனை எடுக்கவில்லை. எந்த டெஸ்ட் என்பதையும் சேர்த்து வாய்ஸ்மெயிலில் சொல்லி வைத்துவிட்டேன். அது வீட்டில் எல்லோரும் கேட்கிற போன். மறுநாள் அவளே நேரில் வந்தாள். சத்தம் போடவில்லை. "வீட்டில் இன்னும் சொல்லவில்லை, நானே சொல்லலாம் என்றிருந்தேன்" என்றாள், அவ்வளவுதான். அந்த முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. பெயர், கிளினிக் நம்பர், திருப்பிக் கூப்பிடுங்கள் என்ற ஒரு வரி போதுமாக இருந்தது. தேவைக்கு மேல் ஒரு சொல்கூட வெளியே போகக் கூடாது என்று புத்தகத்தில் இருப்பதை நான் பரீட்சைக்காக மட்டும் படித்திருந்தேன். நீ அப்படிப் படிக்காதே, கண்ணு.

ஞாயிற்றுக்கிழமை குழந்தை தூங்கியதும் தயாராக இரு. நான் போன் பண்ணுவேன், நீ கிளினிக் என்று சொல்லி எடு. 22 வயது மகளின் ரிசல்ட்டைக் கேட்கிற தாயாகப் பேசுவேன், அழுதுகூடக் கேட்பேன். மகள் சம்மதம் கொடுத்திருக்கிறாளா என்று பார்க்காமல் நீ எதையும் சொல்லிவிடக் கூடாது. என் மனமும் நோகாமல் போனை வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா